பெருங்கோமகன் பட்டமும் கப்பப் பையும்

(வாசகசாலைச் சரித்திர வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ருஷ்ய சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதல் அத்தியாயத்திலேயே ஒரு சந்தேகம் எழும். 1547-ம் ஆண்டில் நான்காம் இவான் ஜார் என்று முடிசூடிக்கொள்ளும் வரையில், அந்த நாட்டின் தலைமையில் இருந்தவர்களைப் புத்தகங்கள் பெரும்பாலும் ராஜா என்றோ சக்கரவர்த்தி என்றோ சொல்வதில்லை. "வெலீக்கி கினியாஸ்" என்றே சொல்லுகின்றன. ஆங்கிலப் புத்தகங்கள் இதை ஓரிடத்தில் மகா இளவரசர் என்கின்றன. இன்னோரிடத்தில் மகா டியூக் என்கின்றன. இளவரசர் என்றால் அவருக்கு மேலே ஓர் அரசர் இருக்க வேண்டுமல்லவா? அந்த அரசர் எங்கே?

அப்படி ஒருவரும் இல்லை. கினியாஸ் என்ற சொல்லும், அரசனைக் குறிக்கும் "கிங்" என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரே பழைய ஜெர்மானிய வேரிலிருந்து பிறந்தவை. ஆகவே கினியாஸ் என்பவன் யுவராஜா அல்ல; ஆளுகிறவன். தமிழில் "கோமகன்" என்ற சொல் நமக்குக் கைகொடுக்கிறது. அது அரசனையும் குறிக்கும், அரசன் மகனையும் குறிக்கும். "வெலீக்கி" என்றால் பெரிய. எனவே பெருங்கோமகன் என்று வைத்துக்கொள்வோம்.

பெயர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பல கோமகன்கள் நடுவே ஒருவனைப் பெருங்கோமகனாக ஆக்கியது எது? ரத்தமா? வீரமா? பாதிரியாரின் ஆசீர்வாதமா? மடாலயங்களில் உட்கார்ந்து வருஷக் கணக்கு எழுதிய துறவிகள் இம்மூன்றையும் சொல்லுவார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது; நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டத்தின் அறுநூறு ஆண்டுச் சரித்திரத்தைப் பின்தொடர்ந்து போனால், தலைநகரம் மாறுகிறது, வம்சக் கிளை மாறுகிறது, பட்டம் கொடுப்பவன்கூட மாறுகிறான். ஒன்று மட்டும் மாறாமல் கூடவே வருகிறது. அதுதான் கப்பம். கப்பத்தை யார் தண்டுகிறானோ அவன் வீட்டு வாசலில் பட்டம் வந்து நிற்கிறது.

குளிர்கால வசூல்

இன்றைய உக்ரைன், ருஷ்யா, பெலாருஸ் ஆகிய மூன்று நாடுகளும் தம் மூதாதை என்று உரிமை கொண்டாடும் பழைய ருஸ் ராஜ்யம் கீவ் நகரை மையமாகக் கொண்டிருந்தது. 10-ம் நூற்றாண்டின் நடுவில் பைஜாண்டியச் சக்கரவர்த்தி ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகனுக்காகத் தொகுத்த நூலில் கீவ் கோமகன்களின் ஆண்டு வாழ்க்கையை விவரித்திருக்கிறார். நவம்பர் மாதம் பிறந்ததும் கோமகன்கள் தம் படைவீரர் கூட்டத்துடன் கீவை விட்டுக் கிளம்புவார்கள். கீழ்ப்பட்ட இனத்தார் வாழும் காடுகளையும் கிராமங்களையும் சுற்றி வருவார்கள். குளிர்காலம் முழுவதும் அந்த ஜனங்களின் சாப்பாட்டிலேயே காலம் கழிப்பார்கள். ஏப்ரலில் நீப்பர் நதியின் பனி உருகியதும் கீவுக்குத் திரும்பி, சரக்கைப் படகுகளில் ஏற்றிக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்புவார்கள். இந்தச் சுற்றுக்கு "பொலூதியே" என்று பெயர். ஜனங்களிடையே சுற்றிவருதல் என்று பொருள். எவ்வளவு சாந்தமான பெயர்! சரக்கு என்னவென்று கேட்கிறீர்களா? மிருகத் தோல், தேன், மெழுகு. அவற்றோடு அடிமைகளும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்கு உண்டா? வந்தவன் கையிலிருந்த வாள்தான் கணக்கு. 945-ம் ஆண்டில் கீவ் கோமகன் இகோர் திரெவ்லியர் என்ற காட்டு மக்களிடம் கப்பம் தண்டிக்கொண்டு புறப்பட்டான். பாதி வழியில் ஆசை மிஞ்சியது. படையின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, இன்னும் கொஞ்சம் தண்டலாம் என்று சிறு கூட்டத்துடன் திரும்பிப் போனான். திரெவ்லியர் அவனைக் கொன்றுவிட்டார்கள்.

அவன் மனைவி ஓல்கா பழிவாங்கிய கதையைப் பழைய சரிதக்காரர்கள் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார்கள். அதை நாம் தாண்டிப் போவோம். பழிவாங்கிய பிறகு அவள் செய்த காரியம்தான் முக்கியம். இன்ன ஊர் இவ்வளவு கப்பம் என்று அளவு வைத்தாள். அதைக் கொண்டுவந்து சேர்க்கும் இடங்களையும் நிர்ணயித்தாள். இதை அவளுடைய அறிவுக்குச் சான்றாகப் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் வரிக்கு அளவு பிறந்தது அரண்மனை அறிவிலிருந்து மட்டுமல்ல. அளவில்லாத வரிக்காரனைக் கொன்ற காட்டு மக்களுக்கும் அதில் பங்குண்டு.

பெருங்கோமகன் என்ற சொல் இந்தக் காலத்திலேயே தென்படுகிறது. கிரேக்கர்களுடன் ஒலேக் செய்துகொண்ட 911-ம் ஆண்டு உடன்படிக்கையின் வாசகத்தில் அது இருக்கிறது. அந்த வாசகம் நமக்குக் கிடைப்பதோ 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த சரிதத்தின் வழியாக. ஆகையால் அந்தச் சொல் எவ்வளவு பழையது என்பதில் ஆராய்ச்சியாளரிடையே தர்க்கம் உண்டு. கீவ் காலத்தில் அது நிலையான பட்டமாக இருக்கவில்லை என்பதே பலருடைய முடிவு. 11-ம் நூற்றாண்டில் மதகுரு இலாரியோன் கீவ் அரசன் விளாதிமிரைக் "ககான்" என்று துருக்கியர் பாணியில் புகழ்ந்திருக்கிறார். மற்றபடி வெறும் கோமகன்தான். சொல் கெட்டிப்படாவிட்டாலும் பொருள் கெட்டிப்பட்டிருந்தது: கீவில் உட்காருபவனுக்கே பெரிய பங்கு.

அந்தக் கீவ் நகர ஜனங்கள் வாய்மூடி இருந்தவர்களல்ல. 1068-ல் புல்வெளி நாடோடிகளான பொலோவ்த்சியரிடம் கோமகன்கள் தோற்று ஓடிவந்தபோது, "ஆயுதம் கொடு, நாங்கள் போய்ச் சண்டையிடுகிறோம்" என்று நகர மக்கள் கேட்டார்கள். கோமகன் இஸ்யாஸ்லாவ் மறுத்தான். எதிரியைக் காட்டிலும் ஆயுதமேந்திய குடிகளிடம் அவனுக்குப் பயம் அதிகம். ஜனங்கள் சிறையிலிருந்த வேறொரு கோமகனை விடுவித்து அரியணையில் அமர்த்தினார்கள். இஸ்யாஸ்லாவ் போலந்துக்கு ஓடி, அடுத்த ஆண்டு அந்நியப் படையுடன் திரும்பி வந்தான். 1113-ல் மறுபடியும் கலகம். அதிகாரிகளின் வீடுகள் சூறையாடப்பட்டன. கோபம் திசைமாறி யூதர்களின் வீடுகள்மீதும் பாய்ந்தது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பயந்துபோன செல்வர்கள் விளாதிமிர் மொனொமாகை அழைத்து வந்தார்கள். அவன் வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று கடன் வட்டிக்கு வரம்பு கட்டியது.

வடகிழக்கே நகர்ந்த பட்டம்

12-ம் நூற்றாண்டின் நடுவில் ருஸ் நாடு பல துண்டுகளாகிவிட்டது. வடகிழக்குக் காடுகளில் விளாதிமிர் என்ற நகரை வளர்த்த ஆந்திரேய் பொகொல்யூப்ஸ்கி 1169-ல் தன் மகன் தலைமையில் ஒரு கூட்டுப்படையை அனுப்பிக் கீவைக் கொள்ளையடித்தான். அதுவரை கீவைப் பிடித்தவர்கள் அங்கே உட்காருவதற்காகப் பிடித்தார்கள். ஆந்திரேயோ அந்த அரியணையைத் தம்பிக்கு எறிந்துவிட்டு விளாதிமிரிலேயே இருந்துகொண்டான். 1174-ல் அவனை அவனுடைய பொயார் பிரபுக்களே படுக்கையறையில் கொன்றார்கள். செய்தி பரவியதும் ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள்? அழவில்லை. அவனுடைய அதிகாரிகளின் வீடுகளைச் சூறையாடினார்கள். அவன் தம்பி விசேவொலோத் 1176 முதல் 1212 வரை ஆண்டான். பிள்ளைகள் அதிகம், ஆகவே "பெருங்கூட்டுக்காரன்" என்று பெயர். பெருங்கோமகன் என்பது முறையான பட்டமாக நிலைத்தது இவன் காலத்தில்தான் என்பது பலர் கருத்து.

கானின் கையெழுத்து

பட்டம் நிலைத்து இரண்டு தலைமுறை ஆகவில்லை. மங்கோலியர் வந்துவிட்டார்கள். 1238 பிப்ரவரியில் விளாதிமிர் வீழ்ந்தது. அடுத்த மாதம் பெருங்கோமகன் யூரி சீத் நதிக்கரையில் மாண்டான். 1240 டிசம்பரில் கீவ் வீழ்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அவ்வழியே சென்ற போப்பாண்டவரின் தூதர் கார்ப்பினி, அந்த மாநகரில் இருநூறு வீடுகள்கூடத் தேறாது என்று எழுதினார்.

இங்கேதான் பட்டத்தின் உண்மையான சுபாவம் வெளிப்படுகிறது. யூரியின் தம்பி யாரோஸ்லாவ் 1243-ல் வோல்கா நதிப் பக்கம் இருந்த பாத்து கானின் பாளையத்துக்குப் போனான். கான் அவனை எல்லாக் கோமகன்களுக்கும் மூத்தவனாக அங்கீகரித்தான். அன்று முதல் பட்டம் வேண்டுமானால் கானின் உத்தரவுப் பத்திரம் வேண்டும். "யார்லிக்" என்பது அதன் பெயர். அதைப் பெற மண்டியிட வேண்டும், காணிக்கை வைக்க வேண்டும், அங்கேயிருந்து உயிரோடு திரும்ப வேண்டும். யாரோஸ்லாவ் திரும்பவில்லை. 1246-ல் மங்கோலியாவிலுள்ள காரகோரம் வரை போய் அங்கே இறந்தான். விஷம் வைத்தார்கள் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

கானுக்கு எதற்காகப் பெருங்கோமகன்? பட்டத்தை ஒழித்துவிட்டுத் தானே ஆண்டிருக்கலாமே! அந்தக் காடுகளில் குதிரை மேய்க்கப் புல்வெளி இல்லை. கானுக்குத் தேவை நிலமல்ல, வருமானம். ஒரு நாட்கூடத் தவறாமல் கப்பம் தண்டித் தர உள்ளூரில் ஒருவன் இருந்தால் போதும். ஒரு நாள் வயதுள்ள குழந்தைக்கும் தலைக்கு இவ்வளவு தோல் என்று வரி போட்டார்கள், கொடுக்க முடியாதவர்களை அடிமையாகக் கொண்டுபோனார்கள் என்றும் கார்ப்பினி எழுதியிருக்கிறார்.

வரி போட ஆள் எண்ண வேண்டும். 1257-ல் மங்கோலியக் கணக்கர்கள் குடிக்கணக்கு எடுக்க வந்தார்கள். மடாலயங்களையும் பாதிரிமாரையும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு வரி கிடையாது. மங்கோலியப் படை ஒருநாளும் பிடிக்காத வடமேற்கு வர்த்தக நகரமான நோவ்கொரோதுக்கும் கணக்கர்கள் போனார்கள். நகர மக்கள் எதிர்த்தார்கள். அப்போது பெருங்கோமகனாக இருந்தவன், ஸ்வீடியர்களையும் ஜெர்மானிய வீரத்துறவிகளையும் வென்றதற்காக இன்றும் புகழப்படும் அலெக்ஸாந்தர் நெவ்ஸ்கி. நோவ்கொரோதில் இருந்த அவன் சொந்த மகன் வசீலியே மக்கள் பக்கம் சேர்ந்தான். அலெக்ஸாந்தர் மகனைப் பிடித்துத் துரத்தினான். மகனுக்கு யோசனை சொன்னவர்களில் சிலருக்கு மூக்கை அறுத்தான், சிலருக்குக் கண்ணைப் பிடுங்கினான். 1259-ல் கணக்கெடுப்பு நடந்தது. பொயார்கள் தங்களுக்கு லேசாகவும் எளியவர்களுக்குப் பாரமாகவும் செய்துகொண்டார்கள் என்று நோவ்கொரோத் சரிதமே சொல்லுகிறது. அலெக்ஸாந்தருக்கு வேறு வழியில்லை, எதிர்த்திருந்தால் நகரமே சாம்பலாகியிருக்கும் என்று வாதிப்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர்களின் மூக்கும் கண்ணும் கணக்கில் வர வேண்டுமா, வேண்டாமா?

1262-ல் ரோஸ்தோவ், சூஸ்தால், யாரோஸ்லாவ்ல், விளாதிமிர் ஆகிய நகரங்களில் ஜனங்கள் எழுந்து, வரியைக் குத்தகைக்கு எடுத்து வட்டிமேல் வட்டி போட்ட வியாபாரிகளை விரட்டினார்கள், சிலரைக் கொன்றார்கள். கூட்டத்தைக் கூட்ட ஊர் மணி அடித்தது. பிறகு சிறுகச் சிறுக, 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வசூல் வேலை கானின் ஆட்களிடமிருந்து கோமகன்களின் கைக்கு மாறியது. எழுச்சிகளின் விளைவு அது என்று சொல்லலாம். ஆனால் வேலை கைமாறியதும் பெருங்கோமகன் பட்டத்தின் மதிப்பு பல மடங்கு ஏறிவிட்டது. எல்லாக் கோமகன்களின் கப்பத்தையும் திரட்டிக் கொண்டுபோய்க் கட்டுபவன் அவன்தானே! போகும் வழியில் பையிலிருந்து எவ்வளவு உதிர்ந்தது என்பதைக் கான் எப்படி அறிவான்?

த்வேர் நகரத்துக் குதிரை

இனி நடப்பது இரண்டு வீட்டாரின் போட்டி: த்வேர் கோமகன்கள் ஒரு பக்கம், மாஸ்கோ கோமகன்கள் மறுபக்கம். 1317-ல் மாஸ்கோ யூரி, உஸ்பெக் கானின் சகோதரியை மணந்துகொண்டு பட்டத்தையும் வாங்கி வந்தான். த்வேர் மிகாயில் அவனைப் போரில் தோற்கடித்தான். சிறைப்பட்ட கானின் சகோதரி த்வேரில் இறந்துபோனாள். 1318-ல் மிகாயிலைக் கானின் பாளையத்தில் விசாரித்துக் கொன்றார்கள். 1322-ல் மிகாயிலின் மகன் திமித்ரிக்குப் பட்டம் வந்தது. காரணம் என்ன? த்வேர் செலுத்திய கப்பத்தை யூரி கானிடம் சேர்க்காமல் வைத்துக்கொண்டான் என்பது! 1325-ல் திமித்ரி கானின் பாளையத்திலேயே யூரியை வெட்டினான்; அடுத்த ஆண்டு கான் திமித்ரியைக் கொன்றான். பட்டம் திமித்ரியின் தம்பி அலெக்ஸாந்தருக்குப் போயிற்று. எட்டு ஆண்டுகளில் மூன்று தலைகள்!

1327-ல் கானின் உறவினன் சோல்கான் பரிவாரத்துடன் த்வேருக்கு வந்து, அலெக்ஸாந்தரை அரண்மனையிலிருந்து வெளியேற்றிவிட்டுத் தானே குடியேறினான். அவன் ஆட்கள் ஊரில் கண்டதையெல்லாம் பிடுங்கினார்கள். ஜனங்கள் கோமகனிடம் முறையிட்டார்கள். பொறுத்திருங்கள் என்றான் அவன். ஆகஸ்ட் 15-ம் நாள், சந்தை கூடும் காலை நேரம். தூத்கோ என்ற கோயில் ஊழியன் தன் இளம் பெண்குதிரையைத் தண்ணீர் காட்ட வோல்கா நதிக்கு ஓட்டிப் போனான். நன்றாகக் கொழுத்த குதிரை. தாத்தாரிய வீரர்கள் அதைப் பறித்தார்கள். த்வேர் ஜனங்களே, விட்டுவிடாதீர்கள் என்று அவன் கத்தினான். அந்தக் கூச்சலில் ஊர் திரண்டது. மணிகள் முழங்கின. மாலைக்குள் சோல்கானும் அவன் ஆட்களும் மாண்டார்கள். வெளியே வயலில் மந்தை மேய்த்துக்கொண்டிருந்த சிலர் மட்டும் குதிரை ஏறித் தப்பினார்கள் என்கிறது த்வேர் சரிதம்.

ஒரு கோயில் ஊழியனும் சந்தைக்கு வந்தவர்களும் செய்ததைப் பெருங்கோமகன் செய்யவில்லை. பக்கத்து மாஸ்கோவின் கோமகன் என்ன செய்தான்? யூரியின் தம்பி இவான், கானிடம் ஓடினான். அந்தக் குளிர்காலத்திலேயே ஐந்து தளபதிகள் தலைமையில் மங்கோலியப் படையோடு திரும்பினான். த்வேரும் அதைச் சுற்றிய ஊர்களும் எரிந்தன, ஜனங்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். அலெக்ஸாந்தர் ப்ஸ்கோவ் நகருக்கு ஓடினான். 1328-ல் இவானுக்குப் பட்டத்தில் ஒரு பங்கு கிடைத்தது. 1331-ல் பங்காளியாயிருந்த சூஸ்தால் கோமகன் இறந்ததும் முழுதும் கிடைத்தது.

இவன்தான் இவான் கலிதா. கலிதா என்றால் பணப்பை. ஏழைகளுக்குத் தருமம் செய்யப் பையோடு நடந்தார், அதனால் இந்தப் பெயர் என்று பிற்காலத் துறவிகள் கதை சொன்னார்கள். பையில் காசு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. ரோஸ்தோவ் நகரத்தாரைக் கேட்டால் தெரியும். அங்கே மாஸ்கோ அதிகாரிகள் வந்து சொத்துக்களைப் பிடுங்கியதையும், அவேர்க்கி என்ற நகரப் பெரியவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டதையும் செர்கியஸ் முனிவரின் வாழ்க்கைச் சரிதம் சொல்லுகிறது. அந்த முனிவரின் பெற்றோரே வரியாலும் கொடுமையாலும் நொடித்து, ரோஸ்தோவை விட்டு ரதோனெஷ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தவர்கள். நோவ்கொரோதிடமும் கலிதா, காமா நதிக்கப்பாலிருந்து வரும் வெள்ளியைக் கொடு என்று கேட்டு, கொடுக்கவில்லை என்றதும் அதன் எல்லை நகரைப் பிடித்துக்கொண்டான்.

கலிதா காலத்திலிருந்து நாற்பது ஆண்டு நாட்டில் அமைதி நிலவியது, தாத்தாரியர் படையெடுக்கவில்லை என்று மாஸ்கோ சரிதங்கள் பெருமைப்படுகின்றன. உழுபவனுக்கு நாற்பது ஆண்டு அமைதி அற்ப விஷயமல்ல. விதைத்ததை அறுக்கலாம், பிள்ளைகளை வளர்க்கலாம். மாஸ்கோவை நோக்கிக் குடியானவர்கள் போனதும் அதனால்தான். இதை ஒத்துக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த அமைதிக்கு அடித்தளம் த்வேரின் சாம்பல் என்பதையும், மாதத் தவணைபோல் வெள்ளி போய்க்கொண்டிருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டு உயில்கள்

தோழர்களே, கோமகன்களின் உள்ளத்தை அறியச் சரிதங்களைவிட நல்ல சாட்சி அவர்களுடைய உயில்கள். அதிர்ஷ்டவசமாக மாஸ்கோக் கோமகன்களின் உயில்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கலிதாவின் உயிலில் ஊர்கள் இருக்கின்றன. தங்கச் சங்கிலிகள், ஒட்டியாணங்கள், கிண்ணங்கள் எல்லாம் பெயர் பெயராக இருக்கின்றன. ஆனால் பெருங்கோமகன் பட்டத்தை எந்தப் பிள்ளைக்கும் எழுதிவைக்கவில்லை. எப்படி எழுதுவான்? அது அவன் சொத்தல்ல; கானின் சொத்து.

ஐம்பது ஆண்டு தள்ளி அவன் பேரன் திமித்ரியின் உயிலைப் பாருங்கள். இந்த திமித்ரி 1380 செப்டம்பர் 8-ல் குலிக்கோவோ வெளியில் மமாயின் படையை முறியடித்தவன். அதனால் தோன்ஸ்காய், அதாவது தோன் நதிக்காரன், என்று பெயர் பெற்றான். வெற்றி பெரிது. ஆனால் இரண்டே ஆண்டில் தொக்தாமிஷ் கான் மாஸ்கோவின் மீது பாய்ந்தான். திமித்ரி படை திரட்டப்போவதாகக் கொஸ்த்ரோமாவுக்குப் போய்விட்டான். பெரிய மனிதர்கள் ஓடினார்கள். நகரத்தைக் காத்து நின்றவர்கள் நகர ஜனங்கள். அவர்கள் மணியடித்துக் கூட்டம் கூடி, வாசல்களை அடைத்து, மதில் மேலிருந்து போரிட்டார்கள். கடைசியில் பொய்ச் சத்தியத்தை நம்பிக் கதவைத் திறந்ததும் நகரம் வெட்டிச் சாய்க்கப்பட்டது. திமித்ரி திரும்பி வந்து பிணங்களைப் புதைக்கக் கூலி கொடுத்தான்: எண்பது பிணத்துக்கு ஒரு ரூபிள். 1384-ல் கானுக்குக் கட்டப் பெரும் கப்பம் தண்டினார்கள்: சிற்றூர் ஒன்றுக்கு அரை ரூபிள், யாருக்கும் விலக்கில்லை.

அந்த திமித்ரி 1389-ல் எழுதிய உயிலில், பெருங்கோமகன் ராஜ்யத்தைத் தன் பிதுரார்ஜிதம் என்று சொல்லி மூத்த மகன் வசீலிக்குக் கொடுக்கிறான். கானைக் கேட்கவில்லை! பட்டம் வாடகைப் பொருளாயிருந்து சொந்தச் சொத்தாகிவிட்டது. இதைச் சரித்திர ஆசிரியர்கள் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அதே உயிலில் இன்னொரு வாசகம் இருக்கிறது. நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஆண்டவன் அருளால் கானின் ஆட்சி மாறிப்போனால், பிள்ளைகள் கானுக்குக் கப்பம் கட்ட வேண்டியதில்லை. யார் தன் பங்கு நிலத்தில் கப்பம் தண்டுகிறானோ அது அவனுக்கே சேரும் என்று ஏற்பாடு செய்கிறான்.

கவனித்தீர்களா? கான் போய்விட்டால் கப்பம் நின்றுவிடும் என்று சொல்லவில்லை. தண்டுவது நடக்கும், கட்டுவதுதான் நிற்கும். உழுபவன் அதே தோலையும் அதே வெள்ளியையும் அதே ஆளிடம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விடுதலை வருவதற்கு தொண்ணூறு ஆண்டு முன்னாலேயே அதன் லாபம் யாருக்கு என்று பத்திரம் எழுதியாகிவிட்டது.

பட்டம் சொத்தான பிறகு பங்காளிச் சண்டை வராமலிருக்குமா? திமித்ரியின் பேரன் இரண்டாம் வசீலிக்கும் அவன் சிற்றப்பன் குடும்பத்துக்கும் கால் நூற்றாண்டுப் போர். வசீலி ஒரு பங்காளியின் கண்ணைக் கெடுத்தான். 1446-ல் இன்னொரு பங்காளி வசீலியின் இரு கண்களையும் பிடுங்கினான். குருட்டு வசீலி என்றே சரித்திரத்தில் பெயர். இதற்கிடையில் த்வேர்க் கோமகனும் ரியாசான் கோமகனும்கூடத் தங்களைப் பெருங்கோமகன் என்று சொல்லிக்கொண்டார்கள். பெயருக்குப் பஞ்சமா? பெயரோடு கப்பப் பை மட்டும் அவர்களிடம் போகவில்லை.

ஐயாவும் ஆண்டையும்

இந்தப் பட்டத்தை வேறு விதமாகவும் நடத்த முடியும் என்று காட்டிய ஊர் ஒன்று உண்டு, அது நோவ்கொரோத். 1136-லேயே தன் கோமகனை வெளியேற்றிய நகரம் அது. 1264-ஐ ஒட்டிய காலத்திலிருந்து அந்நகரம் கோமகன்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நகரத் தலைவர் கூட இல்லாமல் கோமகன் நீதி விசாரிக்கக் கூடாது. நோவ்கொரோத் எல்லையில் கோமகனோ, அவன் மனைவியோ, அவன் பொயார்களோ கிராமம் வாங்கக் கூடாது. மாவட்டங்களை நோவ்கொரோத்தாரே நிர்வகிப்பார்கள். ஜெர்மானிய வியாபாரிகளுடன் கோமகன் வியாபாரம் செய்ய வேண்டுமானால் நோவ்கொரோத் வியாபாரி மூலமே செய்ய வேண்டும். எங்கே வேட்டையாடலாம் என்பதுகூட எழுதப்பட்டது! பெருங்கோமகன் அங்கே சம்பளத்துக்கு அமர்த்திய சேனாபதி மாதிரி.

நோவ்கொரோத்தை சொர்க்கமாக்கி விடாதீர்கள். அங்கே பேரவை மணி அடித்தால் கூடுபவர்களில் வலுத்த குரல் பொயார்களுடையது. ஆனாலும் மணி அடித்தது, கூட்டம் கூடியது, கோமகனுக்கு எல்லை இருந்தது.

1477-ல் நோவ்கொரோதிலிருந்து மாஸ்கோவுக்குப் போன தூதர்கள் மூன்றாம் இவானை வழக்கமான "கோஸ்பதீன்" என்ற சொல்லுக்குப் பதிலாக "கொசுதார்" என்று விளித்துவிட்டார்கள். முன்னது ஐயா. பின்னது ஆண்டை. இவான் உடனே பிடித்துக்கொண்டான். அப்படியானால் என் ஆண்டைமையை எப்படி ஏற்கப்போகிறீர்கள் என்று ஆளனுப்பிக் கேட்டான். நாங்கள் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை என்று பேரவை கொதித்தது. மாஸ்கோவுக்குத் துணைபோனதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களைக் கொன்றது. இவான் படையோடு வந்து நகரை வளைத்தான். 1478 ஜனவரியில் நகரம் பணிந்தது. பேரவை மணியை இறக்கி மாஸ்கோவுக்கு வண்டியில் ஏற்றிப் போனார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நோவ்கொரோத் பொயார்களும் வியாபாரிகளும் ஆயிரக்கணக்கில் வேற்றூர்களுக்குப் பெயர்த்து எறியப்பட்டார்கள். பறித்த நிலங்களை இவான் தன் படை ஊழியர்களுக்கு, போருக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையில், பங்கிட்டான். அந்த நிலங்களில் உழுதுகொண்டிருந்தவர்களோ நிலத்தோடு சேர்ந்து கைமாறினார்கள்.

1480-ல் உக்ரா நதியின் இரு கரையிலும் இவானின் படையும் அகமது கானின் படையும் வாரக்கணக்கில் எதிரெதிரே நின்றன. பெரும் போர் நடக்கவில்லை. நவம்பரில் கான் பின்வாங்கினான். கானுக்குக் கப்பம் கட்டும் காலம் முடிந்தது. ருஷ்ய மக்கள் இதை விடுதலை என்று நினைவுகூர்வது நியாயமே. அந்நியனின் கால் கழுத்திலிருந்து நீங்குவது பெரிய காரியம். திமித்ரியின் உயில்? அது அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. கப்பம் தொடர்ந்து தண்டப்பட்டது. மாஸ்கோக் கருவூலத்திலேயே தங்கியது.

1497-ல் மூன்றாம் இவான் ஒரு சட்டத் தொகுப்பு வெளியிட்டான். அதுவரை குடியானவன் பலவாறான வழக்கப்படி ஒரு பிரபுவின் நிலத்தை விட்டு இன்னொரு நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். இனி நாடு முழுவதற்கும் ஒரே தவணை: ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பர் 26-ல் வரும் யூரி முனிவர் திருநாளுக்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும். அந்த இரண்டு வாரத்திலும் சும்மா போக முடியாது. குடியிருந்த வீட்டுக்காகப் பணம் கட்ட வேண்டும்: வெட்டவெளிப் பிரதேசத்தில் ஒரு ரூபிள், காட்டுப் பிரதேசத்தில் அரை ரூபிள். நான்கு ஆண்டு இருந்தவன் முழுதும் கட்ட வேண்டும். ஓராண்டு இருந்தவன் கால் பங்கு. நூற்றாண்டு முடிவதற்குள் அந்த இரண்டு வாரமும் பறிபோனது. 1649-ம் ஆண்டுச் சட்டம் குடியானவனை நிலத்தோடு நிரந்தரமாகக் கட்டிப்போட்டது.

1547 ஜனவரி 16-ல் மூன்றாம் இவானின் பேரன் ஜார் ஆனான். பெருங்கோமகன் பட்டம் ஜாரின் நீண்ட பட்டப் பட்டியலில் ஒரு சொல்லாகச் சுருங்கியது. பிற்காலத்தில் அது சக்கரவர்த்தியின் சகோதரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் வழங்கும் கௌரவப் பெயராயிற்று. பெயரோடு ஆண்டு மானியமும் உண்டு. அரச குடும்பம் பெருகப் பெருக மானியப் பட்டியலும் பெருகியது. 1886-ல் மூன்றாம் அலெக்ஸாந்தர், சக்கரவர்த்தியின் மக்களுக்கும் மகன்வழிப் பேரன் பேத்திகளுக்கும் மேல் யாருக்கும் இந்தப் பட்டம் இல்லை என்று எல்லை கட்டினான். 1917 நவம்பரில் சோவியத் அரசு வெளியிட்ட ஓர் ஆணை, கோமகன், பிரபு முதலிய எல்லாப் பட்டங்களோடும் சேர்த்து அதையும் எடுத்துவிட்டது.